பழைய லிங்க் ஒண்ணும் சாகக் கூடாது: ஜெக்கிலை நோட்.ஜேஎஸ்ல திரும்ப எழுதின அனுபவம்

"மக்ளே, நம்ம முட்டம் கட்டுரை தொறக்க மாட்டேங்கு, என்னத்த செஞ்ச?"

டீச்சர் போன் பண்ணினப்போ நான் தக்கலை பஸ் ஸ்டாண்ட்ல நிக்கேன், நல்ல மழை. முந்தின நாள் ராத்திரிதான் புது டூலை வச்சு சைட்டை ஏத்தியிருந்தேன், ஏத்துறதுக்கு முன்னால என் லேப்டாப்ல ஒவ்வொரு பேஜா கிளிக் பண்ணிப் பாத்துட்டு திருப்தியாதான் தூங்கப் போனேன். அங்க நின்னே போன்ல பாத்தேன், ஹோம் பேஜ்ல இருந்து போனா முட்டம் கலங்கரை விளக்கம் கட்டுரை நல்லாத்தான் தொறக்குது. டீச்சர் சொன்னது அவங்க சில வருஷத்துக்கு முன்ன பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்ல போட்ட லிங்க். அதுல தேதி 2019 ஜூன் 13, என் புது சைட்ல அதே கட்டுரை ஜூன் 12ல இருக்கு. ஒரே ஒரு நாள் வித்தியாசம், அதுக்கே லிங்க் செத்துப் போச்சு.

இது ஏன் நடந்துச்சுனு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, அதை கீழ சொல்றேன். முதல்ல கதை என்னன்னா, எங்க பக்கத்து வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சைட் இருக்கு, குமரி மாவட்டத்து ஊர்க்கதை, கோட்டை, குளம், அணை, 1956 நவம்பர் 1க்கு முன்ன திருவிதாங்கூர்ல இருந்த காலம், இப்படி நானூறு சொச்சம் கட்டுரை. பெரும்பாலும் ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் எழுதினது. 2014ல ஒரு அண்ணன் ஜெக்கில்ல செட் பண்ணிக் கொடுத்தார். தெரியாதவங்களுக்கு, ஜெக்கில்ங்கறது 2008ல டாம் பிரஸ்டன்-வெர்னர் ரூபிங்கற மொழியில எழுதின ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர், மார்க்டவுன் ஃபைலும் லிக்விட் டெம்ப்ளேட்டும் (பேஜ் அமைப்பை எழுதுற மொழி) கொடுத்தா சும்மா ஹெச்டிஎம்எல் ஃபோல்டரா துப்பிடும், டேட்டாபேஸ் கெடையாது. கிட்ஹப் பேஜஸ் அதை எடுத்துக்கிட்டதால உலகம் முழுக்க பரவினது.

டீச்சர் நோட்பேட்ல எழுதுவாங்க, போஸ்ட்ஸ் ஃபோல்டர்ல சேவ் பண்ணுவாங்க, டெஸ்க்டாப்ல இருக்கிற ஒரு பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் பண்ணுவாங்க, அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும், அதுவே போதும். அண்ணன் கல்ஃப் போயிட்டார், டீச்சர் லேப்டாப் மாத்தினாங்க, புது விண்டோஸ்ல ரூபி போட்டா ஏதோ ஒரு ஜெம் (ரூபி லைப்ரரி) கம்பைல் ஆக மாட்டேங்குது, அதைச் சரி பண்ணினா இன்னொண்ணு. நாகர்கோவில்ல என்கூட வேலை பாக்கிறவங்க எல்லாருமே ஜாவாஸ்கிரிப்ட் ஆளுங்க, ரூபி தெரிஞ்ச ஒருத்தர் கூட இல்ல. அப்பதான் நான், ஜெக்கில் செய்யறதை நோட்ல (நோட்.ஜேஎஸ், பிரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) நாமே எழுதி ஒரு சர்வர்ல தானா பில்ட் ஆகுற மாதிரி வச்சிரலாம், டீச்சர் ஃபைலை போட்டா போதும்னு முடிவு பண்ணினேன்.

இதே வேலைக்கு ஹியூகோ இருக்கே, இலவன்ட்டி இருக்கேனு கேப்பீங்க. ஹியூகோ வேகம்தான், ஆனா அதுக்கு கோ மொழி டெம்ப்ளேட், எங்க லேஅவுட் எல்லாத்தையும் மாத்தி எழுதணும். இலவன்ட்டி லிக்விட் படிக்கும், ஆனா கான்ஃபிக், பெர்மாலிங்க் (யூஆர்எல் அமைப்பு), டேட்டா எடுக்கிற முறை எல்லாம் வேற. உங்களுது அம்பது பேஜ் சைட்னா தயங்காம அதுக்கே போங்க, நான் பட்ட பாடு தேவையில்ல. எனக்கு இருந்த ஒரே நிபந்தனை டீச்சரோட ஃபோல்டர்ல ஒரு கமா கூட மாறக் கூடாது, வெளிய போன லிங்க் ஒண்ணு கூட சாகக் கூடாது.

ஆரம்பத்துல நான் செஞ்ச தப்பு பெரிய தப்பு. ஜெக்கில் டாக்குமென்டேஷனை எடுத்து வச்சு, அதுல இருக்கிற ஃபீச்சர் ஒவ்வொண்ணா ஒரு ஷீட்ல போட்டு, முடிஞ்சது முடிஞ்சதுனு பச்சை கலர் அடிச்சிட்டே போனேன். பேஜினேஷன், குரூப் பண்ற ஃபில்டர், கலெக்‌ஷன் எல்லாம் எழுதினேன், மூணு வாரம் ராத்திரி ராத்திரி. அப்புறம் ஒரு நாள் தோணி, எங்க லேஅவுட் இன்க்ளூட் ஃபைல்ல எல்லாம் உண்மையா எந்த லிக்விட் டேக் (கட்டளை), எந்த ஃபில்டர் (மதிப்பை மாத்திக் காட்டுறது) வருதுனு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு எண்ணிப் பாத்தா, மொத்தமே பதினாலு ஃபில்டர், ஆறு டேக். நான் எழுதினதுல பாதிக்கு மேல யாருக்குமே வேண்டாத சாதனம். அதே நேரம் அந்தப் பதினாலுல மூணு நான் எழுதவே இல்ல. இந்த எண்ணிக்கையை முதல் நாளே எடுத்திருக்கணும், இப்படி ஒரு வேலைக்கு யார் இறங்கினாலும் முதல்ல இதை எடுங்க, ஒரு மணி நேரம் கூட ஆகாது.

அந்த மூணு ஃபில்டர் இல்லாததை நான் ஏன் கவனிக்கலேன்னா, லிக்விட்ல தெரியாத டேக் வந்தா பில்ட் நிக்கும், ஆனா தெரியாத ஃபில்டர் வந்தா அது பாட்டுக்கு சத்தமில்லாம தாண்டிப் போயிரும். ரூபியிலயும் டீஃபால்ட் அப்படித்தான், நோட்ல இருக்கிற லிக்விட் லைப்ரரியிலயும் அப்படித்தான். தேதியை அழகா காட்டுற ஃபில்டர் இல்லாததால ஒவ்வொரு கட்டுரைக்கும் மேல நீளமா வடிவமைக்காத தேதி நின்னுட்டு இருந்திருக்கு, நான் பேஜ் தொறக்குதானு மட்டும்தான் பாத்தேன். லைப்ரரியில ஸ்ட்ரிக்ட் ஃபில்டர்னு ஒரு ஆப்ஷன் உண்டு, அதை ஆன் பண்ணி வச்சிட்டு வேலை செய்யுங்க, தெரியாததை முகத்துக்கு நேரா சொல்லட்டும்.

இப்ப முட்டம் கதைக்கு வாரேன்.

டீச்சர் கட்டுரைக்கு மேல இருக்கிற ஃபிரண்ட் மேட்டர்ல (தலைப்பு, தேதி எல்லாம் எழுதுற பகுதி) தேதி 2019-06-12 19:40:00னு இருக்கு. டைம்ஸோன் எழுதல. அந்தப் பகுதி யாமல்ங்கற வடிவத்துல எழுதுறது, யாமல் ஸ்பெக் (விதிமுறை) என்ன சொல்லுதுன்னா, டைம்ஸோன் இல்லாத நேரத்தை யூடிசினு (உலகப் பொது நேரம்) எடுத்துக்கணும். ஜெக்கில் அதை யூடிசியா எடுத்து, கான்ஃபிக்ல ஏசியா/கொல்கத்தானு இருந்ததால 5:30 கூட்டி, மறுநாள் காலை 1:10 ஆக்கி, யூஆர்எல்ல ஜூன் 13 போட்டிருக்கு. அதாவது சாயங்காலம் ஆறரைக்கு மேல நேரம் போட்ட கட்டுரை எல்லாமே பழைய சைட்ல மறுநாள் தேதியில கெடந்திருக்கு, டீச்சர் எழுதுறதே சாப்பாடு முடிஞ்ச ராத்திரிலதான், அப்ப எத்தனை கட்டுரைனு பாத்துக்கிடுங்க. என் டூல் கான்ஃபிக்ல இருந்த டைம்ஸோனை படிக்கவே இல்ல. என் லேப்டாப் இந்திய நேரத்துல இருந்ததால அங்க தற்செயலா சரியா வந்துச்சு, சர்வர் யூடிசில ஓடினதால அங்க ஜூன் 12. என் மெஷின்ல சரியா இருக்குங்கறதை நம்பி ஏத்தினதோட விலை இது.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, இதை எங்கயும் யாரும் எழுதி நான் படிக்கல, ரெண்டு கட்டுரையை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துதான் புரிஞ்சுது. சில கட்டுரையில டீச்சர் செகண்ட் போடாம 19:40னு நிறுத்தியிருக்காங்க. செகண்ட் இல்லேன்னா யாமல் அதை நேரமாவே ஏத்துக்காது, வெறும் எழுத்துச் சரமா விட்டுரும், அதை ஜெக்கில் பின்னால தானே படிக்கும்போது உள்ளூர் நேரமா எடுத்துக்கும். அதனால அந்தக் கட்டுரை அன்னைக்குத் தேதியிலேயே நிக்கும். ஒரே ஆள், ஒரே ராத்திரி நேரம், பூஜ்யம் பூஜ்யம் போட்டா மறுநாள், போடலேன்னா அன்னைக்கு. இதை சரி பண்ணணும்னு எனக்கு கை பரபரத்துச்சு, பண்ணல. அந்தத் தப்புத் தேதியைத்தான் ஜனங்க ஷேர் பண்ணி வச்சிருக்காங்க, அப்ப அதுதான் சரியான தேதி. என் டூல் ரெண்டையும் அப்படியே, பழையபடியே செய்யுது.

யாமல் பத்தி பேசினா இன்னொண்ணு சொல்லணும், இதுதான் எனக்கு மனசு ரொம்ப கஷ்டப்பட்டது. டீச்சர் பாதி எழுதின கட்டுரைல பப்ளிஷ்டு: நோ அப்படினு ஒரு வரி போட்டு வைப்பாங்க, ஜெக்கில் அதை வெளிய விடாது. ரூபி படிக்கிற யாமல் 1.1ல எஸ், நோ எல்லாம் ஆமா இல்லைங்கற பூலியன் மதிப்பு. 2009ல வந்த 1.2ல அது போச்சு, ட்ரூ ஃபால்ஸ் மட்டும்தான். நோட்ல நான் எடுத்த லைப்ரரியோட 4-ம் வெர்ஷன் 1.2 வழி, அதுக்கு நோங்கறது வெறும் ரெண்டு எழுத்து, ஃபால்ஸ் இல்ல. அப்ப பப்ளிஷ் பண்ணாதேனு அர்த்தம் வராது. அரைகுறையா கெடந்த ஒம்போது கட்டுரை, அதுல ஒண்ணு ஒரு குடும்பத்துக்காரங்ககிட்ட இன்னும் அனுமதி கேக்காத குடும்ப வரலாறு, ஒரு ராத்திரி முழுக்க வெளிய நின்னுச்சு. டீச்சர் திட்டல, "அந்த வீட்டுக்காரங்க பாத்திருக்க மாட்டாங்கல்லா மக்ளே?"னு மட்டும் கேட்டாங்க. அன்னைக்கே அந்த லைப்ரரிக்கு 1.1 மாதிரி நடந்துக்கிற ஒரு ஸ்கீமா எழுதிச் சேத்தேன். லைப்ரரி பேரு ஒண்ணா இருந்தா போதாது, அது எந்த ஸ்பெக் வெர்ஷன் பேசுதுனு பாக்காம எடுக்காதீங்க.

அதே யாமல்ல நாகர்கோவில் எஸ்டிடி கோடு ஒரு வேடிக்கை காட்டுச்சு. தொடர்புக்குங்கற பேஜ்ல எண் ஒரு டேட்டா ஃபைல்ல இருந்து வருது, கோடு தனியா 04652னு, கோட்ஸ் (மேற்கோள் குறி) இல்லாம. முன்னால பூஜ்யம், எல்லா இலக்கமும் எட்டுக்குக் கீழ, அப்ப 1.1 கணக்குல அது ஆக்டல் எண் (எட்டை அடிமானமா வச்சது), பழைய சைட்ல அது 2474னு வந்து நிக்குது. என் டூல்ல 4652னு வருது, பூஜ்யத்தைக் காணோம். ரெண்டுமே தப்பு. இங்க பழைய தப்பை காப்பி பண்ணி என்ன பிரயோஜனம், 2474க்கு யாரும் லிங்க் கொடுக்கல. அதனால டீச்சர்கிட்ட கேட்டு டேட்டா ஃபைல்லயே கோட்ஸ் போட்டேன், ரெண்டு டூல்லயும் 04652 சரியா வருது. ஒரு கமா மாத்த மாட்டேன்னு சொன்னவன் ரெண்டு குறி மாத்தினது அப்ப இந்த ஒரு இடம்தான், அதுவும் கேட்டுட்டு.

இங்கதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைச்சுது. வெளியே போய் இன்னொருத்தர் கையில இருக்கிற எதுவும், அதாவது யூஆர்எல், தலைப்புக்கு உள்ள இருக்கிற ஐடி (லிங்க் நேரா அந்தத் தலைப்புக்குப் போக உதவுற பேரு), ஃபீட்ல ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கிற அடையாளம், இதெல்லாம் தப்பா இருந்தாலும் அப்படியே வரணும். நம்ம பேஜுக்குள்ளேயே முடியுற விஷயம்னா மூல ஃபைலைத் திருத்தலாம், ஆனா அதுக்காக டூலுக்குள்ள குறுக்கு வழி வைக்கக் கூடாது.

தலைப்பு ஐடினு சொன்னேன்ல, அது தமிழ்ல எழுதுறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். ஜெக்கில் மார்க்டவுனை ஹெச்டிஎம்எல்லா மாத்த கிராம்டவுன்ங்கற லைப்ரரியை யூஸ் பண்ணுது. எங்க அண்ணன் கான்ஃபிக்ல கிராம்டவுனோட சொந்த இன்புட் முறையை வச்சிருந்தார். அந்த முறையில தலைப்புல இருந்து ஐடி செய்யும்போது ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர எல்லாத்தையும் தூக்கிரும், தமிழ்த் தலைப்புல மிச்சம் ஒண்ணும் இருக்காது, அப்ப செக்‌ஷன்னு ஒரு பேரு வச்சிரும், அடுத்தது செக்‌ஷன்-1, அதுக்கடுத்தது செக்‌ஷன்-2. உதயகிரிக் கோட்டை கட்டுரைல டிலனாய் கல்லறைங்கற தலைப்பு செக்‌ஷன்-3. என் டூல்ல நான் ஆசையா தமிழ் ஐடி வச்சிருந்தேன், பாக்க எவ்வளவு அழகு, ஆனா டீச்சர் கையால எழுதின உள்ளடக்கப் பட்டியல் எல்லாம் செக்‌ஷன்-3க்குத்தான் போகுது. தமிழ் ஐடியை எடுத்துட்டேன். எண் எப்படி ஏறுது, நடுவுல ஒரு ஆங்கிலத் தலைப்பு வந்தா எண்ணு தாண்டாம இருக்கா, எல்லாத்தையும் ஒத்துப் பாத்து அப்படியே வச்சேன்.

தமிழ் ஸ்லக் (யூஆர்எல்ல வர்ற பேரு) வேற கதை. ஃபைல் பேரை யூஆர்எல்லா மாத்தும்போது தேவையில்லாத குறியை எல்லாம் ஹைஃபனா மாத்தணும். நான் யூனிகோட்ல எழுத்து, எண் ரெண்டு வகையை மட்டும் விட்டுட்டு மத்ததை ஹைஃபனாக்கினேன், யூனிகோட்னாலே தமிழுக்கு ஆகும்னு நெனச்சு. நாகர்கோவில் என்ன ஆச்சுன்னா ந-கர-க-வ-ல. கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோட்ல எழுத்து கெடையாது, மார்க்ங்கற தனி வகை. ஜெக்கில் ஆளுங்க அந்த மார்க் வகையையும் விட்டு வச்சிருக்காங்க, அதனாலதான் பழைய சைட்ல நாகர்கோவில் முழுசா இருந்துச்சு. ஒரு வகையைச் சேத்ததும் சரியாச்சு. தமிழ்ல எந்த டூல் எழுதினாலும் முதல் டெஸ்ட்டா நாகர்கோவிலைப் போட்டுப் பாருங்க, கால், புள்ளி, ஓகாரம், இகரம் நாலும் இருக்கு.

அப்புறம் கொல்லங்கோடு. ஒ, ஓ உயிர்மெய்க்குறியை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பும் காலும்னு ரெண்டா பிரிச்சும் எழுதலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், பைட் கணக்குல வேற. ஒரு தம்பி மேக்ல இருந்து அனுப்பின ஃபைல்கள்ல பேரு பிரிஞ்ச வடிவத்துல இருந்துச்சு, பழைய மேக் ஃபைல் சிஸ்டம் அப்படித்தான் பிரிச்சு வைக்கும். நான் நல்லதுக்குன்னு எல்லாப் பேரையும் சேந்த வடிவத்துக்கு மாத்தினேன், உடனே அந்தத் தம்பியோட பதினோரு கட்டுரை பழைய லிங்க்கும் போச்சு. சர்வருக்கு பைட்தான் தெரியும், தமிழ் தெரியாது. இப்ப பேஜை பழைய வடிவத்துலயே வச்சிட்டு, சேந்த வடிவத்துக்கு ஒரு ரீடைரக்ட் மட்டும் கூடுதலா போட்டிருக்கேன்.

நோட்பேட் பத்தியும் சொல்லிரணும். விண்டோஸ் 10ல 1903 அப்டேட்டுக்கு முன்ன நோட்பேட்ல யூடிஎஃப்-8னு சேவ் பண்ணினா ஃபைல் தொடக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு பிஓஎம் குறி வச்சிரும். ரூபியில ஜெக்கில் அதைப் பாத்து ஒதுக்கிட்டுப் படிக்கும். நோட் ஒதுக்காது. அப்ப ஃபைல் ஃபிரண்ட் மேட்டரோட மூணு ஹைஃபன்ல ஆரம்பிக்குதானு நான் கேட்டா, இல்லைனு வரும், ஃபிரண்ட் மேட்டர் இல்லாத ஃபைல்னு நெனச்சு அப்படியே விட்டுரும். டீச்சரோட பழைய லேப்டாப்ல எழுதின கட்டுரை மட்டும் காணாமப் போனது இதனாலதான். வரி முடிவும் அப்படித்தான், விண்டோஸ் வரி முடிவு ரெண்டு எழுத்து, காலி வரியைத் தேடி முதல் பாராவை மட்டும் சுருக்கமா எடுக்கிற கோடு அதை கண்டுக்கல, ஹோம் பேஜ்ல பத்து கட்டுரையும் முழுசா ஓடுச்சு. ரெண்டுக்கும் மருந்து ஒரே இடம்தான், ஃபைலைப் படிச்ச உடனே பிஓஎம் எடுத்து, வரி முடிவை ஒண்ணாக்கிட்டு மத்த வேலையைத் தொடங்குறது.

இதெல்லாம் கிளிக் பண்ணிப் பாத்துக் கிடைக்கல. முட்டம் போனுக்கு அப்புறம் சைட்டை உடனே பழையதுக்கு மாத்திட்டு, டீச்சரோட பழைய லேப்டாப்பை கெஞ்சி வாங்கிட்டு வந்தேன், அதுல இன்னும் ஜெக்கில் ஓடுது. ஒரு தடவை பில்ட் பண்ணி வந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவ்லயும் கிட்லயும் (வெர்ஷன் சேத்து வைக்கிற டூல்) போட்டு பூட்டி வச்சேன். அதுதான் எனக்கு டாக்குமென்டேஷன். முதல்ல ரெண்டு ஃபோல்டர்லயும் ஃபைல் பேரு பட்டியலை மட்டும் எடுத்து டிஃப் (வித்தியாசம் காட்டுற ஒப்பீடு) போட்டேன், உள்ள என்ன இருக்குனு பாக்கவே இல்ல. யூஆர்எல் பிரச்சனை எல்லாம் அதுலயே வந்துரும். பட்டியல் ஒத்துப் போகாம உள்ளே போகாதீங்க, முழுகிருவீங்க. உள்ளடக்கத்துக்கு வரும்போது நேரா டிஃப் போட்டா எல்லா பேஜும் சிவப்பா நிக்கும், காலி வரி, ஆட்ரிபியூட் வரிசை, கிராம்டவுன் நேர் கோட்ஸை வளைஞ்ச கோட்ஸா மாத்துறதுனு. ரெண்டு பக்கத்தையும் ஒரு ஹெச்டிஎம்எல் பார்சர்ல படிக்க வச்சு ஒரே மாதிரி அச்சடிச்சு அப்புறம்தான் ஒப்பிடணும். அப்படிப் பண்ணினதும் நானூறுல எழுபது பேஜ்தான் மிஞ்சுச்சு, அந்த எழுபதும் கூட ஆறேழு காரணம்தான்.

ஒண்ணு மட்டும் முடியவே முடியாதுனு ஒத்துக்கிட்டேன், ரூபி பிளகின் (ஜெக்கிலோட சேத்து ஓடுற கூடுதல் ப்ரோக்ராம்). அண்ணன் பிளகின்ஸ் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் வச்சிருந்தார், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடுனு தாலுகா வாரியா பேஜ் செய்யுறது. ரூபி கோடை நோட்ல ஓட்ட முடியாது, முயற்சி கூட பண்ணாதீங்க. அது என்ன துப்புதோ அதை மட்டும் பாத்து ஜாவாஸ்கிரிப்ட்ல திரும்ப எழுதினேன், நாப்பது வரி. டூல் இப்ப அந்த ஃபோல்டர்ல ரூபி ஃபைல் பாத்தா, இது ஓடாதுனு பேரோட சொல்லிட்டு பில்டை நிறுத்திரும்.

இப்ப அஞ்சு மாசமா புது டூல்லதான் சைட் ஓடுது. டீச்சர் அதே நோட்பேட், அதே ஃபோல்டர். டூல்ல நான் ஒரு வரி மாத்தினாலும் பூட்டி வச்ச பழைய ஃபோல்டரோட ஒப்பிட்டுப் பாத்துதான் சர்வருக்குப் போகும், ஒரு பாதை குறைஞ்சாலும் நின்னுரும். போன வாரம் கிள்ளியூர், திருவட்டார் ரெண்டும் தனித் தாலுகா ஆயிட்டே, பழைய கட்டுரைகளை அதுக்கு மாத்தணும்னு டீச்சர் கேட்டாங்க. மாத்தினா விளவங்கோடு, கல்குளம்னு யூஆர்எல்ல இருக்கிறதெல்லாம் மாறிரும். அதனால கட்டுரைல புதுசா தாலுகானு ஒரு வரி சேத்து, பட்டியல் பேஜ் அதைப் படிக்கிற மாதிரி பண்ணிட்டு, பழைய கேட்டகரியைத் தொடாம விட்டாச்சு. டீச்சர் பழைய முட்டம் லிங்க்கை குரூப்ல இருந்து எடுத்து எனக்கு அனுப்பி, "தொறக்குகு மக்ளே, கொள்ளாம்"னு சொன்னாங்க.